பெருவிரல் சந்தனம்

நுரையாகத்தான் வருகிறது, திருகாணியைச் சுற்றிப் பொங்கி என் பெருவிரல்மேல் வழிகிறது, சோப்புத் தண்ணீர்போல வெளுத்த நுரை, இதற்குள் டீசல் இருக்கிறது என்று மூக்கு சொன்னால்தான் உண்டு, கண் நம்பாது, வருதா என்று கேட்கிறாள் அவள், முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து கைப்பம்பை அடித்துக்கொண்டிருக்கிறாள், முகம் தெரியவில்லை, வெறும் காத்துதான் வருது, நிறுத்தாம அடி என்கிறேன், அடிக்கிறாள், டீசல் போகிற குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் எந்த வண்டியும் நின்றுபோகும், புதுசோ பழசோ, அந்தக் காற்று பூராவையும் இந்தத் திருகாணி வழியாக வெளியே விரட்டணும், நுரை அடங்கி, குமிழி குறைந்து, கடைசியில் குமிழியே இல்லாமல் சுத்தமான டீசல் வழியும், அப்போது முடுக்கணும், ஒருத்தர் அடிக்க ஒருத்தர் பார்க்க இரண்டு ஆள் வேண்டிய வேலை, நாங்கள் இரண்டு பேரும் இதை எத்தனை தடவை செய்திருப்போமோ, எல்லாத் தடவையும் எனக்குள்ளே ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, எது எந்த வருஷம் என்று பிரிக்கத் தெரியவில்லை, ஒரே ஒரு அடையாளம் வைத்திருக்கிறேன், பம்பு அடிக்கிற சத்தத்தோடு வளையல் சத்தமும் கேட்டால் அது பிற்பாடு, கேட்காவிட்டால் அது முதல் நாள்.

முதல் நாள் அவள் கையில் வளையல் இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை, கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே நின்ற வண்டியைக் காட்டிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள், நான் லாரி ஓட்டி அலுத்தவன், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசக்காட்டுக்காரன், நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் காட்சி இல்லாமல் ரோட்டிலேயே கிடந்து, போதும் இந்த ஓட்டம், பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிப்போட்டு ஏதாவது ஒரு ஊரில் உட்கார்ந்துவிடுவோம் என்று ஒரு புரோக்கரைப் பிடித்து அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இந்த வயக்காட்டு ஊருக்கு வந்திருந்தேன், இவங்க ஆவுடையம்மா, வீட்டுக்காரர் அணைஞ்சபெருமாள் மஞ்சக்காமாலையில தவறிட்டார், அதுக்கப்புறம் வண்டியை ஒருத்தரும் தொடல என்றார் புரோக்கர், தொடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது, ஸ்டியரிங்கில் சிலந்தி வலை, சீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்து என்னை முறைத்தது, ஓடுமா என்று கேட்டேன், அவுக இருந்தவரைக்கும் ஓடுச்சு என்றாள், அவ்வளவுதான் பேச்சு. டாங்கியைத் திறந்துவிட்டேன், பழைய டீசல் கஷாயமாக இறங்கியது, கழுவினேன், புதுசு ஊற்றினேன், இனிக் காற்று எடுக்கணும், புரோக்கர் வெள்ளைச் சட்டைக்காரர், கிட்டே வரமாட்டேன் என்று வேப்பமரத்தடிக்குப் போய் செல்போனில் பேச ஆரம்பித்துவிட்டார், நான் வேணா அடிக்கட்டுமா என்று கேட்டது அவள்தான், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள், இந்த லிவரை மேலயும் கீழயும் அடிச்சிட்டே இருக்கணும்மா என்றேன், தெரியும் என்றாள், தெரிந்துதான் அடித்தாள், வருதா, இல்ல, வருதா, நுரைதான், வருதா, முகம் தெரியாத ஒரு குரல் விடாமல் என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தது, என் ஆயுசில் அதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை, லாரிக்காரனிடம் யார் எதைக் கேட்கப்போகிறார்கள், வந்துட்டு என்று நான் சொல்லித் திருகாணியை முடுக்கியபோது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன், வண்டி இருமியது, கரும்புகை கக்கியது, கோழி பறந்தது, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது, அவள் எழுந்து வந்து மட்கார்டுமேல் உள்ளங்கையை வைத்தாள், தகரம் அதிர அவள் கையும் அதிர்ந்தது, தோள் அதிர்ந்தது, அழுகிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது, கண்ணைத் துடைக்காமலே சொன்னாள், இது விக்கிறதுக்கு இல்லங்க, மன்னிச்சிக்கிடுங்க.

புரோக்கருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே, எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் அது, பாதி நாள் பாடுபட்டு உடம்பெல்லாம் மசகு, ஆனால் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடுத்த வாரமே ஸ்பானரை விட்டுட்டுப் போயிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரும்ப வந்தேன், ஸ்பானர் என் பைக்குள்தான் இருந்தது, அவளும் தேடுகிற மாதிரித் தேடினாள், கூலிக்கு வண்டி ஓட்ட ஆள் வேணுமா என்று கேட்டேன், வேணும் என்றாள், இப்படித்தான் தொடங்கியது, ஊர் பேசியது, பேசாமல் இருக்குமா, பேசட்டும் என்று ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள், மலையடிவாரத்து முருகன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம், கண்ணாடி வளையல் போட்டாள், பொட்டு வைத்தாள், கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள், நல்லாருக்கா என்று கேட்கவில்லை, இருக்கலாமா என்று கேட்டாள், இதென்ன கேள்வி, உன் நெத்தி, உன் பொட்டு என்றேன். வராதவள் பேச்சியக்கா ஒருத்திதான், அணைஞ்சபெருமாளின் கூடப்பிறந்த அக்கா, அடுத்த தெருவிலேயே வீடு, தம்பியைத் தூக்கி வளர்த்தவள், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பேசவேண்டி வந்தால் ஏ டிரைவரே என்பாள், எனக்கு அவள்மேல் வருத்தம் கிடையாது, உண்மையில் எனக்குப் பொறாமை இருந்தது சுவரில் மாட்டியிருந்த ஃபோட்டோவில் இருந்த அணைஞ்சபெருமாள்மேல்தான், பெரிய மீசை, சின்னக் கண், பேசாத வாய், வீட்டில் ஒவ்வொரு சாமானும் அவன் வைத்த இடத்தில் இருந்தது, வண்டியும் அவன் வண்டி, கிளட்ச் அவன் காலுக்குப் பழகியது, நான் மிதித்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், போடா நீ யாரு என்கிற மாதிரி.

அந்த வருஷம் ஆயுதபூஜை வந்தது, எங்களுக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் பூஜை, வண்டியைக் கால்வாய்க்கு ஓட்டிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தேன், அவள் வெண்கலக் கும்பா நிறையச் சந்தனம் குழைத்து வைத்திருந்தாள், இவ்வளவு எதுக்கு, வண்டிக்குக் கல்யாணமா என்று கேட்டேன், சும்மா கிடங்க, அவுக போன இத்தனை வருஷமா வெறும் தண்ணியத் தெளிச்சிக் கும்பிட்டதோட சரி, பொட்டு வைக்க எனக்குப் பாத்தியதை இல்லன்னு தள்ளியே நின்னேன், இந்த வருஷம் யாரு என்னத்தச் சொல்லுதான்னு பாப்போம் என்று சொல்லிக்கொண்டே வைத்தாள், முன்விளக்குக்கு, ஸ்டியரிங்குக்கு, சக்கரத்தின் ஒவ்வொரு நட்டுக்கும், பில்ட்டருக்கு, ஹாரனுக்கு, பானட்டுக்கு மேலே உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் டீசல் டாங்கி மூடிக்கு, அந்த மூடிதான் பார்க்க நெற்றி மாதிரி இருந்ததோ என்னவோ, அதற்கு மட்டும் ஒரு கை கூடுதலாகவே அள்ளி அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள், கொஞ்சம் விலகி நின்று பார்த்தாள், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் அப்பினாள், பிறகு என் பக்கம் திரும்பி எனக்கும் ஒன்று வைத்தாள், அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தைத்தான் சொல்லத் தெரியவில்லை, இத்தனை காலம் அடக்கிவைத்த ஆசை பூராவும் விரல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது, நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன், சந்தோஷமாக இருந்தது எனக்கு, ரொம்பச் சந்தோஷமாக.

ஐப்பசி மழை விழுந்து கால்வாயில் தண்ணீர் வந்தது, பிசான நெல்லுக்கு நாற்று தயார், ஊரே தொழி அடிக்கிற அவசரத்தில் இருந்தது, வயலில் தண்ணீர் நிறுத்திச் சேறாக உழுகிற உழவு, கரிசக்காட்டு மாப்பிள்ளைக்குத் தொழி தெரியுமா என்று கேலி பேசினவர்கள் முன்னால் கூண்டுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு இறங்கினேன், முதல் வயல் பாதி ஓடியிருக்கும், சத்தம் மாறியது, வண்டி இருமியது, தம் கட்டியது, இழுத்து இழுத்து ஓய்ந்து நட்டநடுச் சேற்றில் நின்றது, காற்று புகுந்துவிட்டது, வேறென்ன, ஆவுடையைக் கூப்பிட்டேன், அவள் சேற்றில் நின்று பம்பு அடித்தாள், வளையல் குலுங்கியது, வருதா, நுரைதான், வருதா, வந்துட்டு, முடுக்கினேன், ஓடியது, ஒரு காபி குடிக்கிற நேரம் நன்றாக ஓடி மறுபடி நின்றது. அன்றைக்கு ஆரம்பித்தது, பில்ட்டரைக் கழற்றிப் புதுசு போட்டேன், கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்தேன், இல்லை, குழாயை வாயில் வைத்து ஊதினேன், நாள் முழுக்க டீசல் ருசி, சோறு இறங்கவில்லை, மூட்டுகளில் செம்பு வாஷரை மாற்றினேன், கைப்பம்புக்குள் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன், ஒரு கிழிசலும் இல்லை, அம்பாசமுத்திரத்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் பெரிய பம்பைக் கழற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகணும் என்றான், காலையில் டீசல் ஊற்றி எடுக்கும்போது கல்யாண மாப்பிள்ளையாகப் போகும், பாதி வயலில் மூச்சு முட்டி நிற்கும், எத்தனை தடவை காற்று எடுத்தாலும் இதே கதை, உழச் சொன்னவர்கள் நாற்று முத்துது, நாற்று முத்துது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், நின்ற வண்டிக்கு முன்னால் சேற்றில் நின்றுகொண்டு, அணைஞ்சபெருமாளே, உமக்கு என்னய்யா வேணும், வாயைத் திறந்து சொல்லும், எனக்கும் உமக்கும் நேர்ல என்ன பகை என்று நான் முணுமுணுத்தேன், ஃபோட்டோவில் பேசாதவன் சேற்றில் மட்டும் பேசுவானா.

பேச்சியக்கா வரப்பில் புல்லுக்கட்டோடு நின்றது அப்போதுதான், எவ்வளவு நேரமாக நின்றாளோ, என் தம்பி ஓட்டுறப்ப ஒரு நாளு நின்னதில்ல இந்த வண்டி என்றாள், என்னிடம் இல்லை, ஆவுடையிடமும் இல்லை, வண்டியிடம் சொல்லுகிற மாதிரி, பொட்டு வச்ச நாள்ல இருந்துதான் நிக்கி, அவன் பொண்டாட்டியா வச்சா அவன் வண்டி ஏத்துக்கிடும், இன்னொருத்தன் பொண்டாட்டியா வந்து வச்சா அது எப்படி ஏத்துக்கிடும், சொல்லிவிட்டு நடந்துவிட்டாள், குரல் கடைசியில் உடைந்துபோனதையும் நான் கேட்டேன், கெட்ட மனசில் சொன்னது இல்லை அது, துக்கத்தில் சொன்னது, ஆனால் துக்கத்தில் சொன்னாலும் வார்த்தை வார்த்தைதானே, ஆவுடை பம்பில் வைத்த கையை எடுக்கவே இல்லை, அடிக்கவும் இல்லை. மறுநாள் காலையில் அவள் எனக்குக் காபி கொடுத்தாள், நெற்றியில் ஒன்றுமில்லை, மறந்திருப்பாள் என்று நினைத்தேன், அதற்கு மறுநாளும் இல்லை, வளையலைக் கழற்றி மாடத்தில் வைத்திருந்தாள், வேலைக்கு இடைஞ்சலா இருக்கு என்றாள், பிசானம் முடியட்டும், வண்டிய வித்துருவோம், அவுகளுக்குப் பிடிக்கல போலருக்கு, நான் முன்ன மாதிரி ஒரு ஓரமா நின்னு கும்பிட்டிருக்கணும், ஆசைப்பட்டுட்டேன் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், வண்டி போனால் போகட்டும், நான் லாரிக்குத் திரும்பப் போவேன், அது ஒரு பெரிய விஷயமே இல்லை, ஆனால் இந்த நெற்றி இப்படியே நின்றுவிடும், நான் பக்கத்தில் இருக்கும்போதே இவள் திரும்பவும் சுவரோரமாக ஒதுங்கி நின்றுவிடுவாள், என்னைக் கட்டிக்கொண்டது ஒரு தப்பு என்று ஒருநாள் தனக்குள் முடிவு செய்துவிடுவாள், வெளியே சொல்லக்கூட மாட்டாள், அதனால்தான் எனக்கு அந்த வண்டி ஓடணும், எப்படியாவது ஓடணும், ஏன் நின்றது என்று ஒரு காரணம், கையில் பிடித்துக் காட்டுகிற மாதிரி ஒரு சின்னக் காரணம் இரும்புக்குள்ளே இருந்து எனக்குக் கிடைக்கணும், இந்தா பாரு, இதுதான், செத்தவரும் இல்லை உன் கையும் இல்லை என்று அவளிடம் காட்டணும்.

உச்சி வெயிலில் உடைமரத்து நிழலில் தலையைச் சாய்த்திருந்தேன், கண் அசந்ததா இல்லையா தெரியாது, மட்கார்டில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், பெரிய மீசை, சின்னக் கண், எழுந்து பானட்டுப் பக்கம் வருகிறான், என்னைப் பார்க்கவில்லை, பெருவிரலை நீட்டி எதையோ துடைக்கிறான், என்னய்யா துடைக்கிறீர் என்று கேட்கிறேன், துடைத்துக்கொண்டே இருக்கிறான், இதை நான் அன்றைக்கே கண்டேனா, இல்லை எல்லாம் தெரிந்த பிறகு கண்ட கனவை எடுத்து அந்த மத்தியானத்துக்குள் வைத்துக்கொண்டேனா, இப்போது என்னால் சத்தியம் பண்ண முடியாது, அவள் கேட்டால் அன்றைக்கே கண்டேன் என்றுதான் சொல்வேன். எழுந்து வண்டியை எடுத்தேன், ஒரு சுற்று வந்தேன், ஆவுடை தூக்குவாளியோடு வரப்பில் வந்துகொண்டிருப்பது தெரிந்தது, அவள் கண் முன்னாலேயே சரியாக இருமியது, தம் கட்டியது, நின்றது, எனக்கு வந்த ஆத்திரத்தில் பானட்டை ஓங்கி ஒரு குத்து விட்டேன், கை வலித்தது, வழக்கமாக அந்த இடத்தில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பில்ட்டருக்குத்தான் போவேன், அன்றைக்கு ஸ்பானரைத் தொடவே பிடிக்கவில்லை, டீசலாவது இருக்கா சனியனே உனக்குள்ள என்று வைதுகொண்டே டாங்கி மூடியைப் பிடித்துத் திருகினேன், வரவில்லை, உள்ளே இருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இறுகியிருந்தது, பல்லைக் கடித்துத் திருகினேன், உஸ்ஸென்று ஒரு சத்தம், நீளமாக, தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் தலையை வெளியே நீட்டி மூச்சு இழுத்த மாதிரி, வரப்பில் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள், யாருங்க அது என்று கேட்டாள், நிஜமாகவே அக்கம்பக்கம் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது, அந்த மூடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு, டாங்கிக்குள் டீசல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே போய் அந்த இடத்தை நிரப்பணும், ஓட்டை அடைத்துக்கொண்டால் டாங்கி தம் கட்டிக்கொள்ளும், பம்பு இழுக்கும், டாங்கி விடாது, காலையில் மூடியைத் திறந்து ஊற்றுவதால் கொஞ்ச நேரம் ஓடும், நின்று ஆறினால் எங்கேயாவது மூட்டு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்துபோய்த் திரும்ப ஓடும், நான் உள்ளே புகுந்த காற்றை வெளியே விரட்ட மாய்ந்துகொண்டிருந்தேன், வண்டியோ உள்ளே போகக் காற்று இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது, உடைமரத்தில் ஒரு முள்ளை ஒடித்துக்கொண்டு வந்து மூடியைக் குடைந்தேன், கட்டியாக ஒன்று பெயர்ந்து வந்தது, மஞ்சள், நடுவில் சிவப்பு, மூக்குக்குக் கொண்டுபோனேன், டீசல் வாடையையும் மீறிக்கொண்டு சந்தனம். கையை மூடிக்கொண்டேன், கடவுளே, கையில் பிடித்துக் காட்ட ஒரு காரணம் கேட்டேன், கொடுத்தாய், இதையா கொடுப்பாய், பேச்சியக்கா சொன்னதுதான் கடைசியில் நிஜம், பொட்டு வைத்த நாளிலிருந்துதான் நின்றது, பொட்டால்தான் நின்றது, இதை நான் எந்த வாயால் இவளிடம் சொல்ல, என்ன அது என்று கிட்டே வந்துவிட்டாள், குளவி மண்ணு என்றேன், ஓட்டைய அடைச்சிருக்கு, குளவிக்கு வேற இடம் கிடைக்கல பாரு என்று சிரிக்கப் பார்த்தேன், காட்டுங்க என்றாள், என்னத்தக் காட்ட, தூரப் போட்டுட்டேன், மூடின கையை வச்சிக்கிட்டா தூரப் போட்டேன்கிய, காட்டுங்க, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பார்த்தாள், எடுத்து முகர்ந்தாள், குளவி சந்தனமா அரைக்கும் என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள், எனக்கு உயிரே இல்லை, அழப்போகிறாள், இனி இவள் ஆயுசுக்கும் பொட்டு வைக்கமாட்டாள், நான் சொன்னேன், ஆவுடை, இங்க பாரு, சாமி குத்தம் இல்ல, ஆள் குத்தமும் இல்ல, ஒரு ஓட்டை, அவ்வளவுதான், நான் என்ன சொல்கிறேன் என்பதையே அவள் கேட்கவில்லை, அந்தச் சின்னக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதான் அழிச்சாகளா என்றாள், யாரு, எதை என்றேன், அவுகதான், வருசா வருசம் நான் இந்த மூடிக்குப் பொட்டு வைப்பேன், சூடம் காட்டி முடிச்ச உடனே அவுக வந்து பெருவிரலால துடைச்சிப் போடுவாக, மத்த எந்தப் பொட்டையும் தொடமாட்டாக, இத மட்டும்தான், சாமிக்கு வச்சத அழிக்கியளே, நான் வச்சது உங்களுக்குப் பிடிக்கலயான்னு எத்தன வருசம் சண்ட போட்டிருக்கேன், ஒரு வருசம் சாப்பிடாமக்கூடக் கிடந்தேன், ஒத்த வார்த்த சொல்லலியே, சிரிச்சிட்டுப் போயிருவாகளே, என் கைய அவுகளுக்குப் பிடிக்கலன்னு நான் இத்தன நாளா, அழுகை வந்தது அவளுக்கு, அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது, எது எது என்று பிரிக்க முடியாமல் வந்தது, நான் சேற்றுக் காலோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், அந்த நேரத்தில் ஃபோட்டோக்காரன்மேல் எனக்கு இருந்த பொறாமை எங்கே போனது என்று தெரியவில்லை, பாவி மனுசா, சொல்லியிருக்கலாமே என்று அவனை உரிமையோடு வையவேண்டும்போல இருந்தது.

அதை எனக்காகப் பேச்சியக்கா செய்தாள், நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பதைப் பார்த்து யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று புல்லறுத்த இடத்திலிருந்து அரிவாளோடு ஓடிவந்தாள், மைனி, நீங்க சொன்னது சரிதான், என் பொட்டாலதான் வண்டி நின்னுருக்கு என்று ஆவுடை அந்தக் கட்டியை நீட்டினாள், மூடியை நீட்டினாள், ஓட்டையை முள்ளால் குத்திக் காட்டினாள், பெருவிரலால் துடைத்த கதையைச் சொன்னாள், பேச்சியக்கா மூடியை வாங்கி வெயிலில் பிடித்து ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், ஆமா, துடைப்பான், நானும்லா வைதிருக்கேன், கட்டுனவ ஆசையா வச்சத அழிக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு, வாயத் தொறந்தா முத்து உதிந்துரும் அந்த எடுபட்ட பயலுக்கு, ஒத்த வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா, இங்க எத்தன பேர நாக்கால கொன்னுட்டு நிக்கேன் நான் என்று சொல்லி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு மூடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், ஆவுடை அவள் முதுகில் கை வைத்தாள், பேச்சியக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூடியையும் ஒரு துடை துடைத்து என் கையில் கொடுத்தாள், வண்டிய எடு தம்பி, தண்ணி வத்துதுல்லா என்றாள், தம்பி என்றது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. நான் மூடியைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன், ஆவுடை கையில் அந்தக் கட்டி இன்னும் இருந்தது, இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினாள், டீசலில் ஊறினதால் குழைந்தது, எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள், ஏட்டி, டீசல், நெத்தி எரியும் என்றேன், எரியட்டும் என்றாள், பொழுது சாய்கிறவரைக்கும் ஓட்டினேன், ஒரு இருமல் இல்லை, திரும்புகிற ஒவ்வொரு சுற்றிலும் வரப்பில் அந்தப் பொட்டு தெரிந்தது.

வந்துட்டு என்கிறேன், நுரை அடங்கிவிட்டது, குமிழி இல்லை, டீசல் தெளிவாக என் பெருவிரல்மேல் வழிகிறது, முடுக்குகிறேன், இது இன்றைக்கு, வளையல் சத்தம் கேட்கிறது, இன்றைக்கு ஆயுதபூஜை, காலையில் புது பில்ட்டர் போட்டேன், அதற்குத்தான் இந்தக் காற்று எடுக்கிற வேலை, கையைக் கழுவுங்க, நேரமாவுது என்று எழுந்துகொள்கிறாள், முட்டி வலிக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொள்கிறாள், தலை பாதி நரைத்துவிட்டது இவளுக்கு, எனக்கு முழுக்க, அதே வெண்கலக் கும்பா, பேச்சியக்கா இப்போது கண் சரியாகத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நட்டுக்கு வச்சியா, இந்த நட்டுக்கு வச்சியா என்று அதிகாரம் பண்ணுகிறாள், எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு ஆவுடை டாங்கி மூடிக்கு வருகிறாள், ஓரமாக வைக்கலாம், ஓட்டையை விட்டுவிட்டு வைக்கலாம், எல்லாம் தெரியும் அவளுக்கு, ஆனாலும் வருஷா வருஷம் நட்டநடுவில்தான் வைக்கிறாள், அன்றைக்கு வைத்த மாதிரியே அள்ளி அப்பிக் குங்குமத்தை அழுத்தி வைக்கிறாள், சூடம் காட்டுகிறாள், கும்பிடுகிறாள், பிறகு பானட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறாள், நான் வருகிறேன், பெருவிரலை நீட்டி மூடியில் வைக்கிறேன், ஈரச் சந்தனம் குளிர்ச்சியாக இருக்கிறது, துடைக்கிறேன், அவள் கண் என் முகத்தில் இல்லை, பெருவிரலில் இருக்கிறது, அவள் பார்ப்பது எந்தப் பெருவிரலை என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் நிற்கிறேன், ஆச்சா என்று கேட்கிறாள் பேச்சியக்கா, ஆவுடை பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கக்கா என்கிறேன், இன்னும் கொஞ்சம் மெதுவாகத் துடைக்கிறேன்.